தபாலில் ஆடியவர்கள்

1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் என் நண்பன் குடும்பத்தோடு இலங்கையின் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினான். அதற்கு இரண்டு நாள் முன்பு, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய காம்பராவில், கட்டி வைத்த மூட்டைகளுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவே உட்கார்ந்து நாங்கள் கடைசியாகச் சதுரங்கம் ஆடினோம். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையை அவனுடைய அப்பா தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, கரியாலும் சுண்ணாம்பாலும் 64 கட்டம் போட்டுத் தந்திருந்தார். அந்தப் பலகையில்தான் எட்டு வருடங்களாக ஆடிவந்தோம். அன்றைய ஆட்டம் பதினோராவது நகர்வோடு நின்றது. வண்டிக்காரர் வந்து கூப்பிட்டதும், அவன் காய்கள் நின்ற நிலையை ஒரு தாளில் வரைந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பலகையை என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

ஆறு வாரம் கழித்து நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சௌக்கியம் விசாரித்து, இலங்கையிலிருந்து போனவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் இருந்த நாட்களைச் சொல்லி, அங்கேயும் தேயிலைதான், இங்கேயும் தேயிலைதான் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் தன்னுடைய பன்னிரண்டாவது நகர்வைக் குறித்திருந்தான். தபாலில் சதுரங்கம் ஆடுவது உலகமெங்கும் நடக்கிற ஒன்று என்பதோ, அதற்கென்று சட்டங்களும் சம்பியன்களும் உண்டு என்பதோ அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. பாதியில் நின்ற ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே எங்களுக்கு இருந்தது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்கள் மக்களை இரண்டு அரசாங்கங்களும் 1964இல் எண்ணிப் பிரித்துக்கொண்டன. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்த நாங்கள் இருவரும் அந்தக் கணக்கில் வெவ்வேறு பக்கம் விழுந்தோம்.

தபாலில் சதுரங்கம் ஆட வேண்டுமென்றால் முதலில் ஒரு முகவரி வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு அதுதான் கிடையாது. தோட்டத்துக்கு வரும் கடிதங்களெல்லாம் ஒரே பையில் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கே யாராவது பிரித்துப் பார்த்து, இன்ன டிவிசன், இன்ன லயம் என்று கண்டுபிடித்து, காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் வைத்துக் கொடுத்தால்தான் நம் கைக்கு வரும். நாங்கள் இருந்த தோட்டத்தில் நண்பனுடைய மூன்றாவது கடிதம் ஆபிஸ் மேசை இழுப்பறையில் ஏழு வாரம் கிடந்தது. அதே பெயரில் மேற்பிரிவிலும் ஒருவர் இருந்ததால் யாருடையது என்று தெரியாமல் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஏழு வாரமும் நான் அவன் தோல்விக்குப் பயந்து மௌனமாகிவிட்டான் என்றும், அவன் நான் அக்கறையற்றுப் போய்விட்டேன் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஹட்டன் டவுனில் ஒரு தையற்கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய கடை மூலம் என்று முகவரி போட ஏற்பாடு செய்தேன். இருபது வருடத்துக்கும் மேலாக அவருடைய வெட்டும் மேசையின் ஓரத்தில், சாக்பீசுக்கும் துணித்துண்டுகளுக்கும் பக்கத்தில், என் ஆட்டங்கள் எனக்காகக் காத்திருந்தன. இன்றும் பல லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. மலையகத்தின் குறைகளைப் பட்டியலிடுகிறவர்கள் சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுதல்.

முதல் ஆட்டம் முடிய நான்கு வருடங்களாயின. நாங்கள் நகர்வுகளைச் சொற்களில் எழுதினோம். அதுவே பல தடவை வழக்காகியது. "ராணி பக்கத்துக் குதிரையை முன்னுக்கு எடுத்தேன்" என்று அவன் எழுதினால், இரண்டு குதிரையும் நடுவுக்கு வந்துவிட்ட பிறகு எது ராணி பக்கத்துக் குதிரை? விளக்கம் கேட்டு ஒரு கடிதம், விளக்கம் சொல்லி ஒரு கடிதம் என்று ஒரே நகர்வுக்கு இரண்டு மாதம் போகும். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் எங்கள் பக்கம் கடிதமே போகாமலும் வராமலும் இருந்த நாட்கள் வேறு. அவை கழிந்து நான் எழுதிய முதல் கடிதத்தில் நகர்வு எதுவும் இல்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது மட்டுமே இருந்தது. 1986இல் இருவரிடமும் அரசனும் ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சி ஆட்டம் சமநிலையானது.

அந்த வருடம் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை போன அவுஸ்திரேலியச் சதுரங்கச் சஞ்சிகைகள் சில கிடைத்தன. எந்தத் தோட்டத்துத் துரையின் வீட்டிலிருந்து வந்தவையோ தெரியாது. அவற்றின் ஆசிரியர் பெயர் செசில் பர்டி. ஆங்கிலத்தை நான் ஆசிரியர் பயிற்சிக்குத் தேவையான அளவே படித்திருந்தேன். ஆனால் அந்த மனிதர் எழுதிய வாக்கியங்கள் எனக்கு விளங்கின. எனக்கு விளங்கும்படி எழுதத் தெரிந்த ஒருவர் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறார் என்பதே அன்று எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அவர் 1979இல் சிட்னியில், ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து இறந்துவிட்டார் என்பதைப் பல வருடம் கழித்தே அறிந்தேன்.

பர்டி 1906இல் எகிப்தின் போர்ட் சயிட் துறைமுகத்தில் பிறந்தவர், சிட்னியில் வாழ்ந்தவர். அவுஸ்திரேலியச் சம்பியன் பட்டத்தை நான்கு தடவை வென்றார். ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களோடு பலகைக்கு எதிரெதிரே உட்கார அவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கப்பலில் போய்வரவே மாதங்களாகும் தூரம் அது. எனவே அவருடைய மிகப் பெரிய வெற்றி தபாலில்தான் வந்தது. உலகத்தின் முதலாவது தபால்வழிச் சதுரங்கச் சம்பியன் போட்டியின் இறுதிச் சுற்று 1950இல் தொடங்கி 1953இல் முடிந்தது. 13 ஆட்டங்களில் பத்தரைப் புள்ளி பெற்று, பத்துப் புள்ளிகளோடு நின்ற சுவீடனின் மால்ம்கிரேனையும் இத்தாலியின் நப்பொலித்தானோவையும் அரைப் புள்ளியால் பின்தள்ளி பர்டி முதலிடம் பெற்றார். பதின்மூன்று பேருக்கும் விமானத் தபாலில் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அவர் ஒரு சஞ்சிகையை மாதந்தோறும் எழுதி, திருத்தி, வெளியிட்டுக்கொண்டும் இருந்தார். 1929இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகை இரண்டு தடவை பெயர் மாறி 1967 வரை வந்தது. ஏறக்குறைய நாற்பது வருடங்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையை மூன்று தலைப்புகளாக வகுப்பார்கள்: தபால் ஆட்டக்காரர், எழுத்தாளர், ஆசிரியர். எனக்கு அந்த வகுப்பில் உடன்பாடில்லை. அவர் செய்தது ஒரே வேலை என்றுதான் நினைக்கிறேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடுகிறவன் ஒரு நகர்வை உள்ளுணர்வால் செய்துவிட்டு எழுந்துபோகலாம். தபாலில் ஆடுகிறவனுக்கு அது முடியாது. பதில் வர ஒரு மாதமாகும். வரும்போது தான் என்ன நினைத்து ஆடினேன் என்பதே மறந்துபோயிருக்கும். ஆகவே அவன் எழுதி வைக்கத்தான் வேண்டும்: இதை ஏன் ஆடினேன், அவர் இப்படி வந்தால் நான் எப்படிப் போவேன், எதைக் கண்டு பயந்தேன். அந்தக் குறிப்புகளைச் சற்றுத் திருத்தி எழுதினால் கட்டுரை. கட்டுரையைத் தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்து எழுதினால் பாடம். பர்டியின் எழுத்தில் நான் கண்ட அருமை அதுதான். அவர் நகர்வின் அழகைப் புகழ்வதோடு நிற்கமாட்டார். அந்த நகர்வை நாம் எப்படித் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்போம் என்று சொல்வார். முதலில் எதிராளியின் கடைசி நகர்வு எதை மிரட்டுகிறது என்று பார். பிறகு அரசனுக்குச் செக் வைக்கும் நகர்வுகளையும் காயை வெட்டும் நகர்வுகளையும், அவை முட்டாள்தனமாகத் தோன்றினாலும், ஒன்றுவிடாமல் பார். அதற்குப் பின்பே திட்டம் என்று அவர் வகுத்த ஒழுங்கை இன்றும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். கணிதம் படிப்பிக்கிறவனுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. விடையை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை, செய்கையைக் காட்ட வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் தினமும் சொல்வதுதான்.

அந்தச் சஞ்சிகைகளிலிருந்துதான் தபால் சதுரங்கம் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொண்டேன். 1951இல் அமைந்த சர்வதேசத் தபால்வழிச் சதுரங்கச் சம்மேளனம் மொழி வேறுபாட்டால் குழப்பம் வராமலிருக்க எண்களால் நகர்வுகளைக் குறிக்கும் முறையைக் கைக்கொண்டிருந்தது. வெள்ளைக் காய்களோடு ஆடுகிறவரின் இடதுகைப் பக்கத்திலிருந்து நிரல்களுக்கு 1 முதல் 8 வரை எண். அவருடைய பக்கத்திலிருந்து மேல்நோக்கி நிரைகளுக்கும் அப்படியே. அரசனுக்கு முன்னால், ஐந்தாம் நிரலின் இரண்டாம் நிரையில் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. காயின் பெயரே வேண்டாம். எங்கிருந்து எங்கே என்பது போதும். ரஷ்யனும் பிரெஞ்சுக்காரனும் தமிழனும் ஒரே மாதிரி எழுதலாம். அரசனையும் மூலையில் நிற்கும் கோட்டைக் காயையும் ஒரே நகர்வில் இடம்மாற்றுவதைக் கோட்டை கட்டுவது என்போம். அதற்கும் அரசனின் நகர்வை மட்டும் எழுதினால் சரி: வலப்பக்கம் கோட்டை கட்டினால் 5171. பத்து நகர்வுக்கு முப்பது நாள் அவகாசம். கடிதம் வழியில் செலவிடும் நாட்கள் அதில் சேராது. கிடைத்த திகதியையும் பதில் போட்ட திகதியையும் ஒவ்வொரு அட்டையிலும் குறிக்க வேண்டும். தபாலில் சேர்த்துவிட்ட நகர்வு, ஆட்ட விதிக்கு உட்பட்டதாக இருந்தால், திரும்பப் பெற முடியாது.

கடைசியாகச் சொன்ன விதியை என் உடம்பில் பட்டே கற்றேன். எங்கள் இரண்டாவது ஆட்டம் 1987இல் எண்களில் தொடங்கியது. எட்டாவது நகர்வில் நான் வலப்பக்கம் கோட்டை கட்ட முடிவுசெய்து, தபாலட்டையில் எழுதி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டேன். அன்று இரவு கொப்பியில் பதிவு செய்யும்போது, அட்டையில் என்ன எழுதினேன் என்று நினைவுக்குக் கொண்டுவந்தபோது கை நின்றுவிட்டது. 5171 என்பதற்குப் பதிலாக 5161 என்று எழுதியிருந்தேன். ஓர் இலக்கம். கோட்டை கட்டுவதற்காக வெறுமையாக்கி வைத்திருந்த அந்தக் கட்டத்துக்கு அரசன் ஓரடி எடுத்து வைப்பது விதிக்கு முற்றிலும் உட்பட்ட நகர்வு. அதன் பிறகு அந்த ஆட்டத்தில் கோட்டை கட்டவே முடியாது. வலப்பக்க மூலையில் நிற்கும் என் கோட்டைக் காய்க்கு வெளியே வர வழியும் இல்லை.

நண்பனுடைய பதில் ஒரு மாதத்தில் வந்தது. "மச்சான், நீ 5161 எழுதியிருக்கிறாய். 5171 என்று நினைத்து எழுதியிருந்தால் சொல், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விதியை எனக்கு எழுதியனுப்பியதும் நீதான்." நான் இரண்டு நாள் யோசித்தேன். விதியை அனுப்பியது நான்தான் என்பதால், எழுதியது எழுதியதுதான் என்று பதில் போட்டேன். அதற்குப் பின் அடைபட்ட அந்த ஒரு காயை வெளியே கொண்டுவருவதே என் ஆட்டமாகியது. ஓரத்துச் சிப்பாயை 8284 என்று தள்ளி, அதன் பின்னால் திறந்த வெளியில் கோட்டையை 8183 என்று ஏற்றி, மூன்றாவது நிரையில் பக்கவாட்டாக நடுவுக்கு நகர்த்தினேன். இந்த இரண்டு நகர்வுக்கும் இடையே ஏழு மாதங்கள் போயின. அப்படி ஒரு கோட்டையை எழுப்பலாம் என்பது நான் சரியாக எழுதியிருந்தால் எனக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் நான் எழுதிய குறிப்புகள் கொப்பியில் ஒன்பது பக்கம் வந்தன. அதுவரை எந்த ஒரு நிலையைப் பற்றியும் நான் அவ்வளவு எழுதியதில்லை.

அந்தக் கொப்பியை நான் இழந்தேன். 1990இல் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போன பஸ்ஸை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் இருந்த கொப்பியின் பக்கமெல்லாம் நான்கு நான்கு இலக்கமாக எண்கள். இடையிடையே தமிழில் "இங்கே தாக்கினால் இரண்டு பக்கமும் உடையும்" போன்ற வரிகள். அது எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர்கள் கேட்கும் நிலையில் இல்லை. மாலை வரை வைத்திருந்து என்னை விட்டார்கள், கொப்பியைத் தரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் பல நாடுகளின் தணிக்கையாளர்கள் சதுரங்க நகர்வுகள் எழுதிய கடிதங்களை இரகசியக் குறியீடு என்று சந்தேகித்துத் தடுத்திருக்கிறார்கள் என்று பின்னர் படித்தேன். அதைப் படித்தபோது ஆறுதல் எதுவும் வரவில்லை. எண்கள் எழுதிய ஒரு கொப்பிக்காக ஒரு பள்ளிக்கூட ஆசிரியன் ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்க நேர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆட்டம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிலை நினைவில் இருந்தது, நகர்வுகளின் வரிசை முழுதாக நினைவில் இல்லை. காரணங்கள் அறவே இல்லை. நண்பனுக்கு எழுதினேன். இரண்டு மாதத்தில் தடித்த ஓர் உறை வந்தது. தையற்கடைக்காரர் அதற்காகத் தன் கையிலிருந்து மேலதிக முத்திரைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். உள்ளே பதினான்கு பக்கம். ஆரம்பத்திலிருந்து எல்லா நகர்வுகளையும் எழுதி, தன்னுடைய ஒவ்வொரு நகர்வுக்கும் காரணத்தையும், என்னுடைய ஒவ்வொரு நகர்வையும் பார்த்தபோது தான் என்ன ஊகித்தான் என்பதையும் சேர்த்திருந்தான். பகலில் கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கும் வேலை. இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் இதை எழுதியதாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 8284 நகர்வுக்குப் பக்கத்தில், "இதைப் பார்த்து முதலில் பிழை என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் கோட்டை வருகிறது என்று கண்டேன். அன்றைக்கு உனக்காகச் சந்தோசப்பட்டேன்" என்று எழுதியிருந்தான். எனக்குச் சதுரங்கத்தில் கிடைத்த புகழ் அது ஒன்றுதான். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படித் தூரத்தால் வந்த ஆட்டம் எங்களுடையது மட்டுமல்ல. 1824இல் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ கழகமும் குதிரை வண்டித் தபாலில் ஆடத் தொடங்கி 1828இல் முடித்தார்கள், எடின்பரோ வென்றது. அந்த ஆட்டங்களில் இடம்பெற்ற ஒரு தொடக்கத்துக்கு இன்றும் ஸ்கொட்லாந்தின் பெயர்தான் வழங்குகிறது. எஸ்தோனியாவின் சிறிய நகரமான பர்னுவில் வளர்ந்த பால் கெரெஸ், ஊரில் தக்க எதிராளிகள் இல்லாததால் பள்ளிப் பருவத்திலேயே தபாலில் ஆடி, ஒரு கட்டத்தில் 150 ஆட்டங்கள் வரை ஒன்றாக நடத்தியவர். உலகச் சம்பியன் பட்டத்தின் வாசல் வரை போன ஆட்டக்காரர் ஒருவர் தபாலட்டைகளிலிருந்து எழுந்து வந்தார் என்று சொன்னால் என் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. பெண்களில் ஒல்கா ருப்ட்சோவா பலகையிலும் தபாலிலும் உலகச் சம்பியன் பட்டம் பெற்றவர். இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் பிடித்தது, நாடுகளின் அணிகள் மோதும் பத்தாவது தபால்வழி ஒலிம்பியாட் போட்டி. அதன் இறுதிச் சுற்று 1987இல் தொடங்கி 1995இல் முடிந்தது. முதலிடம் சோவியத் யூனியனுக்கு, மூன்றாமிடம் கிழக்கு ஜேர்மனிக்கு. அந்த முடிவு வந்தபோது உலக வரைபடத்தில் அந்த இரண்டு நாடுகளுமே இல்லை. ஆட்டக்காரர்கள் தாங்கள் தொடங்கிய நாட்டின் பெயரிலேயே ஆடி முடித்தார்கள். முதல் ஆட்டத்தைத் தொடங்கியபோது எந்த நாட்டுக்கும் உரியவனாக இல்லாத நான், அது முடிந்த 1986இலும் நாடற்றவனாகவே இருந்து, இரண்டாவது ஆட்டத்தின் நடுவில்தான் இலங்கைக் குடிமகனானேன். அவனோ பன்னிரண்டாவது நகர்வை இந்தியனாக எழுதினான்.

நண்பனுடைய பதினான்கு பக்கங்களை நான் வகுப்புக்கு எடுத்துப்போனேன். என்னுடைய ஆசிரியத் தொழிலில் நான் செய்தவற்றுள் பயனுள்ளது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்வேன். மாலை நேரத்தில் நின்ற ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு, பக்கத்தை ஒரு கடதாசியால் மூடி, ஒவ்வொரு நகர்வாகக் கீழே இறக்கிக் காட்டுவேன். அடுத்தது என்ன என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் காரணம் எழுத வேண்டும். பிறகுதான் கடதாசியை இறக்குவேன். சம்பியன்களின் ஆட்டங்களை இந்த முறையில் படிக்கும்படிதான் பர்டியும் சொல்லியிருந்தார். ஆனால் பிள்ளைகளுக்குச் சம்பியன்களின் ஆட்டத்தைவிட இந்த ஆட்டத்தில் ஈடுபாடு கூடுதலாக இருந்தது. இதில் பிழைகள் இருந்தன. பிழை செய்தவன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அதற்கு மறுபக்கத்திலிருந்து ஒருவர் தமிழில் காரணம் எழுதியிருந்தார். "சேர், இவர் உங்களை வெல்ல விரும்பினாரா, விரும்பவில்லையா?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. விரும்பினார், கட்டாயம் விரும்பினார் என்று சொன்னேன். அந்த ஆட்டத்தை 1992இல் அவன்தான் வென்றான்.

தபால் சதுரங்கம் இன்று பெரும்பாலும் தபாலில் நடப்பதில்லை. சம்மேளனத்தின் இணையத் தளத்தில் நகர்வை அழுத்தினால் மறுகணமே போய்ச் சேர்கிறது. அதோடு கணினியின் உதவியைப் பெறவும் விதி இடம் கொடுக்கிறது. கணினி நிரல்கள் எந்த மனிதரையும்விடப் பலமாக ஆடுவதால் உயர்மட்டப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமநிலையில் முடிகின்றன. இதில் ஒரு மனிதரின் வாழ்க்கை எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர் 1965 முதல் 1968 வரை நடந்த ஐந்தாவது உலகத் தபால்வழிச் சம்பியன் போட்டியில் 16 ஆட்டங்களில் 14 புள்ளி பெற்று, ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றார். சோவியத் ஆட்டக்காரர் எஸ்திரினோடு அவர் ஆடிய ஆட்டத்தை ஆராய்ந்து எழுதப்பட்டவை இன்றும் படிக்கப்படுகின்றன. அவரே பிறகு கணினி விஞ்ஞானியாகி, சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். நகர்வின் காரணத்தை மாதக்கணக்கில் தேடி எழுதியவர் என்பதால்தான் அந்தத் தேடலை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவும் அவரால் முடிந்தது என்பது என் எண்ணம். இயந்திரம் இப்போது நகர்வைத் தருகிறது. காரணத்தை மனிதரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022இல் முப்பத்திரண்டாவது தபால்வழி உலகச் சம்பியனான ஜோன் எட்வர்ட்சும் நூல்கள் எழுதியவர், பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பித்தவர். முதலாவது சம்பியனுக்கும் இவருக்கும் இடையில் எழுபது வருட இடைவெளி இருந்தும் இருவருக்கும் இந்த மூன்று வேலைகளும் சேர்ந்தே வந்திருப்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

என் கவலை உயர்மட்டப் போட்டிகளைப் பற்றியதல்ல. எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் நகர்வைக் கேட்டு நகர்வைப் பெறுகிறார்கள். ஏன் என்று கேட்டால் தொலைபேசி சொன்னது என்கிறார்கள். கணிதத்திலும் இதேதான் நடக்கிறது.

2020இல் நான் ஓய்வுபெற்றேன். அந்த வருடம்தான் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசிக்கு வந்தன; தொலைபேசிக்கு அலை பிடிக்கப் பிள்ளைகள் தேயிலை மலைக்கு மேலே ஏறிப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒரு தொலைபேசிதான் இருக்கும். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்பும். இந்த நிலையில் உடனுக்குடன் ஆடும் ஆட்டம் எதுவும் சரிவராது. ஆகவே நான் பழைய முறைக்கே போனேன். ஆறு பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில், மூன்று நாளைக்கு ஒரு நகர்வு, நான்கு இலக்கத்தில். ஒரேயொரு நிபந்தனை: நகர்வோடு ஒரு வாக்கியமாவது காரணம் வர வேண்டும், காரணம் இல்லாத நகர்வு வந்து சேராத கடிதமாகக் கருதப்படும். நானும் என் நகர்வுக்குக் காரணம் எழுதுவேன். 2022இல் மின்சாரம் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இல்லாமற்போன நாட்களிலும் இந்த ஆட்டங்கள் நிற்கவில்லை. தொலைபேசியில் உயிர் வரும்போது பிள்ளைகள் அனுப்பினார்கள்.

இப்போது நடக்கும் ஆட்டங்களில் ஒன்று தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியோடு. அவள் வெள்ளை. நேற்றிரவு 4445 என்று தன் நடுச் சிப்பாயை முன்னால் தள்ளி இப்படி எழுதியிருக்கிறாள்: "சேர், 36ஆம் கட்டத்தில் நிற்கிற உங்கள் குதிரையைத் துரத்துகிறேன். அது 55க்கு வந்தால் 63இல் இருக்கிற என் குதிரை வெட்டும். 24க்குப் போனால் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் தள்ளுகிறேன், ஏனென்றால் நீங்கள் அங்கே போகமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்."

இந்தச் செய்தியை நான் பல தடவை வாசித்துவிட்டேன். என் குதிரை பின்னால் போவதுதான் சரியான நகர்வு. அதே நேரம் 3624 என்று ஆடினால், அவள் 1213 என்று ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியே அதை மறுபடியும் விரட்டிவிடலாம். அதைத் தானே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியும் அவளுக்குக் கிடைக்கும். எனக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. 3624 ஆடினால் அதற்குப் பக்கத்தில் உண்மையான காரணமாக நான் என்ன எழுதுவேன் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.